அடமானமும் பங்கும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே துணிகர முதலின் வரலாறு

முன்னுரை

கிள்ளான் நகருக்கு வடக்கே அமைந்த மேரு வட்டாரத்தில், ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்ற நிலங்களில் இன்று தொழிற்சாலைகளும் பட்டறைகளும் நிற்கின்றன. அவ்வட்டாரத்தைச் சேர்ந்த, பொறியியல் பயின்ற இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு என்னைக் காண வந்திருந்தார். செம்பனைக் குலையின் முதிர்ச்சியை மரத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே அளந்தறியும் கருவி ஒன்றை அவர் வடிவமைத்திருந்தார். அதனைச் செய்து விற்பதற்கு முதல் தேடி உறவினரிடமும் வங்கியிடமும் கடனுதவித் திட்டம் ஒன்றிடமும் சென்றதாகக் கூறினார். மூன்று இடத்திலும் அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: "அடமானமாக என்ன இருக்கிறது?" ஆதாயம் வந்தால் தமக்கு எத்தனை பங்கு, நட்டம் வந்தால் தாம் எவ்வளவு தாங்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இவ்விரு கேள்விகளுக்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது. முதற்கேள்வி கடன் கொடுப்பவருடையது. இரண்டாவது கேள்வி துணிகர முதலிடுபவருடையது. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக் காலம் பலவகை முதல்களோடு பழகியவர்கள். ஆயினும் இரண்டாவது கேள்வியைக் கேட்கும் நிறுவனம் ஒன்று அவர்களிடையே நிலைபெறவில்லை. அது ஏன் என்பதை ஐரோப்பியத் துணிகர முதலின் வரலாற்றோடு ஒப்புநோக்கி ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

துணிகர முதல்: ஐரோப்பியப் பின்னணி

'வென்ச்சர் கேப்பிட்டல்' எனப்படும் துணிகர முதல், புதிய தொழிலொன்றின் உரிமையில் பங்கு பெற்றுக்கொண்டு அளிக்கப்படும் பணமாகும். அதற்கு வட்டியில்லை, அடமானமும் இல்லை. தொழில் வீழ்ந்தால் முதலும் வீழும். பத்துத் தொழில்களில் பணமிட்டால் பெரும்பாலானவை தோற்கும் என்பதும், வெல்லும் ஒன்றிரண்டு ஏனையவற்றின் நட்டத்தை ஈடுசெய்யும் என்பதும் இம்முறையின் அடிப்படைக் கணக்கு.

சிறு தொழில்களுக்கு நீண்டகால முதல் கிடைப்பதில்லை என்னும் குறையைப் பிரிட்டனில் 1931ஆம் ஆண்டு மேக்மில்லன் குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக, போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் இங்கிலாந்து வங்கியும் பெரிய வணிக வங்கிகளும் சேர்ந்து தொழில் வணிக நிதிக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தன. பின்னாளில் 'திரீ ஐ' எனப் பெயர்பெற்ற அக்கழகம் 1994இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நிறுவப்பெற்ற அமெரிக்க ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தை வழிநடத்தியவர் பாரிசில் பிறந்த ஜார்ஜ் டோரியோ. அக்கழகம் 1957இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்னும் கணினி நிறுவனத்தில் இட்ட 70,000 டாலர், பத்தாண்டுக்குள் பல நூறு மடங்காகப் பெருகியது. அதே முறையை ஐரோப்பாவில் நடவு செய்ய 1963இல் 'ஐரோப்பியத் தொழில்முனைவு மேம்பாடு' என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்றது. வளர்ந்த நிறுவனங்களின் பங்குகளை விற்று முதலை மீட்பதற்குரிய சந்தை அங்கே அமையாமையால் அம்முயற்சி 1970களில் தளர்ந்தது.

இவ்வரலாற்றிலிருந்து துணிகர முதலுக்கு மூன்று இலக்கணங்களை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, முதலிடுபவர் நட்டத்திலும் பங்குகொள்ள வேண்டும். இரண்டாவது, பலன் வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது, பணம் எங்கே செல்கிறது என்பதை உடனிருந்து கண்காணிக்க வேண்டும். நம் வட்டாரத்து முதல் வகைகளை இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு இனிக் காண்போம்.

இராவாங்கில் எரிந்த மின்விளக்கு

நம் வட்டாரத்தில் துணிகர முதலுக்கு மிக நெருக்கமான முதல் எடுத்துக்காட்டு ஒரு தமிழரையும் ஒரு சீனரையும் சார்ந்தது. சிங்கப்பூரில் 1850ஆம் ஆண்டு பிறந்து இராபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்ற கா. தம்புசாமிப் பிள்ளை, சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான டேவிட்சனுடன் 1870களில் இங்கு வந்தவர். கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தவராகவே நம்மவர் அவரை நினைவுகூர்கின்றனர். அவருடைய தொழில் வாழ்க்கை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

ஈயச் சுரங்கத்தின் பெரும்பகை தண்ணீர். குழி ஆழமாக ஆழமாக நீர் ஊறும். அதனை இறைக்க இயலாதபோது அடியில் ஈயமிருந்தும் குழியைக் கைவிட வேண்டியிருக்கும். தம்புசாமிப் பிள்ளையும் பெரும் சுரங்க முதலாளியான லோக் இயூவும் இராவாங்கில் கூட்டாக நடத்திய சுரங்கத்தில், 1894ஆம் ஆண்டு மின்னாக்கி ஒன்றை நிறுவி மின்சாரத்தால் நீர் இறைத்தனர். இந்நாட்டின் மின்சார வரலாறு எழுதுவோர் தொடங்கும் இடம் அதுவே.

இச்செயலை நம் அளவுகோலால் அளந்து பார்க்கலாம். மலாயாவில் எவரும் சுரங்கத்தில் பயன்படுத்தியிராத கருவிக்கு இருவரும் பணமிட்டனர். பொறி பழுதுபட்டிருந்தால் நட்டம் இருவருக்கும் உரியதாயிருக்கும். தொழிலை இருவரும் அறிந்திருந்தனர், அருகிலிருந்தே நடத்தினர். மூன்று இலக்கணமும் இங்கே பொருந்துகின்றன. ஆனால் இது இரு தனிமனிதரின் கூட்டாக இருந்ததேயன்றி நிறுவனமாக வளரவில்லை. தம்புசாமிப் பிள்ளை 1902இல் மறைந்தார். அவர் பெயரைக் கோயிலும் தெருவும் கல்விக்கூடமும் காத்தன. அவருடைய தொழில்முறையைக் காக்க அமைப்பு ஏதும் இருக்கவில்லை.

லண்டன் பங்கும் சிலாங்கூர்ப் பால்மரமும்

ஐரோப்பாவின் துணிகர முதல் நம் வாசலுக்கு வந்தது ரப்பர் வழியாக. பிரேசிலிலிருந்து 1876இல் லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை 1888இல் ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். டன்லப் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கியதும் 1888ஆம் ஆண்டிலேதான். இவ்விரு புதுமைகளும் பின்னர் வந்த மோட்டார் வண்டியும் சேர்ந்து பால்மரத்துக்குச் சந்தையை உண்டாக்கின.

நட்ட மரம் பாலுக்கு வர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். அதுவரை காட்டை வெட்டவும், கன்று நடவும், ஆள்களைக் கொண்டுவரவும், குடியிருப்புக் கட்டவும் பணம் வேண்டும். வருவாய் ஒரு காசும் இராது. வட்டிக்கு வாங்கிய பணத்தால் இதனைச் செய்வது கடினம். ஆகவே முகவாண்மை நிறுவனங்கள் லண்டனில் பங்கு நிறுவனங்களைத் தொடங்கின. இரண்டு ஷில்லிங் விலையுள்ள சிறு பங்குகளாக அவை விற்கப்பட்டமையால் ஆங்கிலேய நடுத்தர மக்களும் வாங்கினர். 1910ஆம் ஆண்டு ரப்பரின் விலை ஒரு இராத்தலுக்கு 12 ஷில்லிங்கைக் கடந்தபோது, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களின் பங்குகள் லண்டன் சந்தையில் பெரும் ஊக வணிகப் பொருளாயின.

பங்குதாரர் நட்டத்தை ஏற்க முன்வந்தனர் என்பது உண்மை. ஆறாண்டு காத்திருந்தனர் என்பதும் உண்மை. ஆயினும் விலை வீழ்ந்தபோது நட்டம் முழுவதையும் அவர்களே தாங்கவில்லை. 1930களின் தொடக்கத்து மந்தத்தில் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். விலை மீண்டும் உயர்ந்தபோது கூலி அதே விரைவில் உயரவில்லை என்பதே 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் காரணங்களுள் ஒன்று. அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். நட்டத்தில் பங்கிருந்தும் ஆதாயத்தில் பங்கில்லாத நிலையில் தோட்டத் தமிழர் இருந்தனர் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஒரு புதுமையின் இடர்ப்பாட்டை யார் சுமந்தார் என்று கேட்கும்போது, பங்குப் பத்திரத்தில் பெயருள்ளவர்களை மட்டும் எண்ணுவது போதாது.

நகரத்தார் முதல்

தமிழரின் சொந்த முதல் என்றவுடன் நினைவுக்கு வருவது நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகளே. 1820கள் தொடங்கி நீரிணைக் குடியேற்றங்களில் காலூன்றிய அவர்கள், கோலாலம்பூர் அம்பாங் தெருவிலும் கிள்ளானிலும் கடைகளை நடத்தினர். மேற்கத்திய வங்கிகள் கடன் தர மறுத்த சீனச் சுரங்கத்தாருக்கும் வணிகருக்கும் மலாய்ச் சிறுதோட்டக்காரருக்கும் கடன் கொடுத்தவர்கள் அவர்களே.

அவர்களுடைய அமைப்பு முறை இன்றைய துணிகர நிதியத்தின் அமைப்பை வியக்கத்தக்க அளவில் ஒத்துள்ளது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவரிட்ட 'முதல் பணம்' ஒருபுறம். உறவினரும் கோயிலும் பெண்டிரின் சீதனமும் வழியாக வந்துசேரும் 'மேம்பணம்' மறுபுறம். கடல் கடந்து வந்து பணத்தை ஈடுபடுத்துபவர் ஏஜெண்டு. அவருக்கு வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. அவருக்குரிய சம்பளமும், தவணை முடிவில் ஆதாயத்தில் அவருக்குரிய பங்கும் சம்பளச் சீட்டில் முன்கூட்டியே எழுதப்படும். இன்றைய நிதிய மேலாளருக்கு நிர்வாகக் கட்டணமும் ஆதாயப் பங்கும் அளிக்கப்படுவதன் சாயலை இதில் காணலாம். 'நடப்பு வட்டி' கோயிலில் கூடி முடிவு செய்யப்பட்டது. ஐந்தொகையும் பேரேடும் முறை தவறாமல் எழுதப்பட்டன. ஒரு விலாசத்தின் நாணயம் குலைந்தால் செய்தி எல்லாக் கிட்டங்கிக்கும் பரவும்.

ஆக, திரட்டும் முறையிலும் கண்காணிக்கும் முறையிலும் நகரத்தாரிடம் குறையில்லை. ஈடுபடுத்தும் முறையில்தான் வேறுபாடு. கிட்டங்கியினுள்ளே ஏஜெண்டுக்கு ஆதாயப் பங்கு உண்டு. கிட்டங்கிக்கு வெளியே பணம் கடனாகவே சென்றது. நிலப் பத்திரம் அடமானமாக வந்தது. ரப்பர் விலை சரிந்தபோது கடன்பட்டவர் நிலத்தை இழந்தார். கடன் கொடுத்தவர் தாம் விரும்பாமலேயே நிலவுடைமையாளரானார். 1931ஆம் ஆண்டு ஐக்கிய மலாய் மாநிலங்களில் சிறுநில ஏல விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. மலாய் ஒதுக்கீட்டு நிலங்களை மலாய்க்காரர் அல்லாதாரிடம் அடகு வைப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 1951இல் லேவாதேவிக்காரர் சட்டம் வந்தது. நகரத்தாரைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. வைப்புப் பணத்தைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் அடமானம் கேட்பது இயல்பு. இன்றைய வங்கியும் அதையே செய்கிறது. ஆனால் விலை வீழ்ச்சி என்னும் பொது நட்டத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வழியற்ற உறவில், ஒருவருடைய இழப்பு மற்றவர் மீதான பகையாக மாறுவதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது.

நகரத்தாருள் சிலர் நவீன வங்கித் தொழிலுக்கு மாறினர். மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அயல்நாட்டு வணிகத்தையே நோக்காகக் கொண்டு பினாங்கிலும் கிளை கண்டது. இந்தியாவில் 1969இல் வங்கிகள் அரசுடைமையாக்கப்பட்டதால், இங்கிருந்த அதன் கிளைகளும் இந்தியன் வங்கி, யூகோ வங்கி ஆகியவற்றின் கிளைகளும் இணைந்து 1973இல் ஐக்கிய ஆசிய வங்கியாயின. அவ்வங்கி 1991இல் பேங்க் ஆஃப் காமர்ஸுடன் கலந்துவிட்டது. செட்டிநாட்டுச் சேமிப்பில் தொடங்கிய ஒரு நிதி மரபு இவ்வாறு பொது வங்கித்துறையில் கரைந்தது.

லயத்துக் கூட்டு

வங்கிக்கும் கிட்டங்கிக்கும் அப்பால் தோட்டத்து லயங்களில் மற்றொரு முதல் இயங்கியது. அதுவே கூட்டு. பத்துப் பேர் மாதந்தோறும் இருபது வெள்ளி போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் இருநூறு வெள்ளியை எடுத்துக்கொள்வர். தாலிக்கொடி, சைக்கிள், தையல் இயந்திரம், மகனின் தேர்வுக் கட்டணம் ஆகியவை இவ்வாறே வாங்கப்பட்டன. என் தாயாரும் கூட்டுப் பிடித்தவர். பணம் தரத் தவறியவருக்காகத் தம் சம்பளத்திலிருந்து ஈடுசெய்த மாதங்களை அவர் ஒரு பழைய பள்ளிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். பள்ளிப் பருவத்தில் அக்கணக்கைக் கூட்டிப் பார்த்தபோதுதான், தலைமை ஏற்பவர் அடமானமின்றிப் பிறர் நட்டத்தைச் சுமக்கிறார் என்பது எனக்கு முதன்முதலில் புரிந்தது.

கூட்டைத் தொழிலாக நடத்தியோர் ஏமாற்றிய நிகழ்ச்சிகள் பெருகவே, 1971இல் அதனைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றுள்ளது. மலேசியச் சட்டத்தொகுப்பில் ஒரு தமிழ்ப் பொருளியற் சொல் இடம்பெற்றது, ஒரு தடைச் சட்டத்தின் தலைப்பாக என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கூட்டில் நம்பிக்கை இருந்தது, கண்காணிப்பும் இருந்தது. ஆனால் சுற்று முடிந்தவுடன் முதல் கரைந்துவிடும். ஆறாண்டு காத்திருக்கும் தொழிலுக்கு அது உதவாது.

பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்

கரைந்துபோகும் சிறுசேமிப்பை நிலையான முதலாக மாற்றிய முயற்சி தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்று வெளியேறின. வாங்கியவர்கள் தோட்டத்தைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். வேலையோடு வீடும் பள்ளியும் கோயிலும் தொழிலாளர் கையைவிட்டுப் போயின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்தோட்டத் துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டுள்ளார்.

சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, ம.இ.காவின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் பங்குப் பணம் திரட்டினார். சங்கம் 1960இல் பதிவுபெற்றது. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அவர் 1979இல் மறைந்தபோது சங்கத்தில் ஏறத்தாழ 85,000 உறுப்பினரும் 18 தோட்டங்களும் இருந்தன.

இம்முயற்சியின் சிறப்பு, பால்வெட்டுத் தொழிலாளியைப் பங்குதாரர் ஆக்கியதில் உள்ளது. லண்டன் பங்குதாரருக்கு உரியதாயிருந்த ஆதாயம் முதன்முறையாக மரத்தடியில் நின்றவர்களுக்கும் உரியதாயிற்று. ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் கூட்டுறவு நெறியும், தலைவர் நேரில் சென்று கணக்குச் சொல்லும் வழக்கமும் கண்காணிப்புக்கு வழிவகுத்தன. காத்திருப்பும் இருந்தது. ஆனால் அதன் குறிக்கோள் காப்பது, புதியது படைப்பதன்று. ஏற்கெனவே பால் தரும் மரங்களை வாங்கிக் காப்பாற்றிய சங்கம், தோட்டத்துப் பிள்ளைகள் தொடங்கக்கூடிய புதுத் தொழில்களுக்கு முதலிடும் பணிக்கென அமைந்ததன்று. தோட்டத்தின் காலம் முடிந்து பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் வேலை தேடிச் சென்றபோது, அவர்களுடன் செல்லக்கூடிய முதல் தேவைப்பட்டது.

மைக்கா: பங்கு இருந்தது, பார்வை இல்லை

அத்தேவையை உணர்ந்தே 1982இல் ம.இ.காவின் முயற்சியால் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவப்பெற்றது. 1984ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 106 மில்லியன் ரிங்கிட் திரண்டது. நகைகளை அடகு வைத்தும் சேமிப்பை எடுத்தும் மக்கள் பங்கு வாங்கினர். இந்நாட்டுத் தமிழரிடம் பணமில்லை, துணிவில்லை என்று கூறுவோருக்கு இத்தொகையே மறுமொழி. இதே 1984ஆம் ஆண்டில்தான் மலேசியாவின் முதல் துணிகர முதல் நிறுவனமும் தோன்றியது என்பதை ஒப்பிட்டு நோக்கலாம். துணிகர முதலுக்கு வேண்டிய பொருளாதாரத் தளம் அப்போது நம்மிடம் இருந்தது.

விளைவு எதிர்பார்ப்புக்கு ஒத்துவரவில்லை. பல துறைகளில் முதலீடு பரவியது. போதிய ஆதாயம் வரவில்லை. 1990ஆம் ஆண்டு டெலிகோம் பங்கு ஒதுக்கீட்டைப் பற்றி 1992 முதல் பொதுவெளியில் நீண்ட சர்ச்சை நிகழ்ந்தது. இறுதியில் 2010இல், கிள்ளான் மேற்குத் துறைமுகத்தை உருவாக்கிய ஞானலிங்கம் குடும்பத்தின் நிறுவனம், பங்கொன்றுக்கு 80 காசு தந்து வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கிய பங்கை ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப்பின் 80 காசுக்குத் திருப்பிக் கொடுத்தனர் பலர்.

தனிமனிதர் மீது பழி சுமத்துவது வரலாற்று ஆய்வின் பணியன்று. நிறுவன அமைப்பை நோக்கினால் குறை தெளிவாகும். நட்டத்தில் பங்கிருந்தது, காத்திருப்பும் அளவுக்கு மேல் இருந்தது. மூன்றாவது இலக்கணமாகிய கண்காணிப்பு இல்லை. 66,000 பேருக்குச் சிதறிய பங்குரிமையில், தொழிலறிந்து கேள்வி கேட்கும் இடத்தில் எவரும் அமர்ந்திருக்கவில்லை. முதலைத் திரட்டிய சொல்லாற்றல் அரசியலுடையது. முதலை ஈடுபடுத்தும் ஆற்றல் வேறு வகையானது. நகரத்தார் தம் ஏஜெண்டைத் தேர்ந்தெடுத்ததும், தவணைதோறும் கணக்கெடுத்ததும் போன்ற ஒழுங்கு இங்கே பின்பற்றப்படவில்லை. இதன் பெரிய இழப்பு பணமன்று. பங்கு என்ற சொல்லைக் கேட்டாலே விலகிச் செல்லும் ஒரு தலைமுறை உருவாயிற்று. அடமானம் கேட்கும் உறவினரின் தயக்கத்திற்கும் வேர் இங்கேயுள்ளது.

அரசின் நிதியமும் இன்றைய நிலையும்

மைக்கா தளர்ந்த காலத்தில் மலேசிய அரசு துணிகர முதலைத் தன் கையில் எடுத்தது. மலேசியத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் கழகம் 1992இலும், மல்டிமீடியா பெருவழித் திட்டம் 1996இலும் தோன்றின. பிரசல்ஸ் நகரில் 1996இல் 'ஈஸ்டாக்' சந்தை தோன்றியதை அடுத்து 1997இல் இங்கு 'மெஸ்டாக்' சந்தை அமைந்தது. 500 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கீட்டுடன் 2001இல் 'மாவ்கேப்' நிறுவப்பெற்றது. பொதுமக்கள் சிறு தொகையாகப் புதுநிறுவனங்களில் பங்கு வாங்கும் இணைய முறைக்கு 2015இல் ஆசியான் நாடுகளில் முதலாவதாக மலேசியா விதிமுறை வகுத்தது. 2024இல் கசானாவின்கீழ் 'ஜெலாவாங் கேப்பிட்டல்' என்னும் தேசிய நிதியம் உருவாக்கப்பட்டது.

இந்தியச் சமூகத்திற்கெனத் தனியே அமைந்த திட்டங்களை நோக்கினால், 2008இல் தொடங்கிய தெக்குன் இந்தியத் தொழில்முனைவோர் திட்டமும் அதன்பின் வந்தவற்றுள் பெரும்பாலானவையும் கடனாகவோ மானியமாகவோ அமைந்துள்ளன. அவற்றால் உணவகமும் தையற்கடையும் போக்குவரத்துத் தொழிலும் பயன்பெற்றன. அது சிறிய பயனன்று. ஆயினும் செம்பனைக் கருவி செய்யும் இளைஞருக்கு மாதத் தவணை கேட்கும் கடன் பொருந்தாது. கருவி விற்பனைக்கு வருமுன்பே தவணை வந்துவிடும்.

தமிழகத்திலிருந்து இரு எடுத்துக்காட்டுகள் இங்குப் பயன்படும். சென்னையில் 2010இல் தொடங்கப்பெற்ற பிரஷ்வொர்க்ஸ், அயல்நாட்டுத் துணிகர முதலால் வளர்ந்து 2021இல் அமெரிக்க நாஸ்டாக் சந்தைக்கு வந்தது. அதன் ஊழியர்களும் பங்குதாரராக இருந்தமையால் அவர்களுள் பலர் செல்வராயினர். மற்றொன்று அரசின் முயற்சி. பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோரின் புத்தொழில் நிறுவனங்களில் பங்கு முதலீடு செய்யவென்றே 2022-23இல் தமிழக அரசு 30 கோடி ரூபாயில் நிதியம் ஒன்றைத் தொடங்கியது. அடமானம் வைக்க நிலமற்ற சமூகத்தாரிடம் அடமானம் கேட்காமல் பங்கு கேட்பது அதன் நெறி. தோட்டத்தில் பிறந்து நிலமின்றி நகரம் சேர்ந்த மக்களைக் கொண்ட நமக்கு இந்நெறி எண்ணத்தக்கது.

ஐரோப்பாவும் இன்று இதே வினாவோடு நிற்கிறது. 2024ஆம் ஆண்டு மாரியோ திராகி அளித்த அறிக்கையின்படி, 2008 முதல் 2021 வரை அங்குத் தோன்றி நூறு கோடி டாலர் மதிப்பை எட்டிய நிறுவனங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு தம் தலைமையகத்தை வெளிநாட்டுக்கு மாற்றிக்கொண்டன. மக்களிடம் சேமிப்பு மிகுதி. அது வங்கி வைப்பில் உறங்குகிறது. வளரும் நிறுவனத்திற்குப் பங்காகச் செல்வதில்லை. 2012இல் கோலாலம்பூரில் தொடங்கிய கிராப் நிறுவனம் 2014இல் சிங்கப்பூருக்குத் தலைமையகத்தை மாற்றியதை நினைத்தால், இது நமக்கும் அயலான செய்தியன்று. பணம் மிகுந்த நிலப்பகுதியிலும் பங்கு முதலுக்குரிய நிறுவனமும் வழக்கமும் தாமே தோன்றிவிடுவதில்லை என்பதற்கு ஐரோப்பாவே சான்று.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், தம்புசாமிப் பிள்ளையிடம் மூன்று இலக்கணமும் இருந்தன. தொடர்ந்து நடத்தும் அமைப்பு இல்லை. நகரத்தாரிடம் அமைப்பும் கண்காணிப்பும் இருந்தன. கடன்பட்டவரின் நட்டத்தில் பங்கில்லை. கூட்டில் நம்பிக்கை இருந்தது, காத்திருப்பு இல்லை. நிலநிதிச் சங்கத்தில் பங்கும் காத்திருப்பும் இருந்தன. புதுமை அதன் பணியாக இல்லை. மைக்காவில் பங்கு இருந்தது, பார்வை இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கூறினைக் கண்டறிந்தது. முந்தைய தலைமுறை கண்டதை அடுத்த தலைமுறை எடுத்துச் செல்லவில்லை.

எதிர்காலத்திற்கு வேண்டியது பெருந்தொகையன்று. தொழிலறிந்த சிலர் தம் பணத்தையும் இட்டு, வரையறுத்த தவணைக்குள் கணக்குச் சொல்லி, ஆதாயத்தில் பங்கு பெறும் சிறு நிதியம் ஒன்றே தொடக்கத்திற்குப் போதும். நகரத்தாரின் சம்பளச் சீட்டு ஒழுங்கு, நிலநிதியின் ஒருவர்-ஒருவாக்கு நெறி, இராவாங் கூட்டாளிகளின் துணிவு ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடாக அது அமையலாம். இணையவழிப் பங்கு முதலீட்டுக்குச் சட்டம் ஏற்கெனவே வழி திறந்துள்ளது. தோல்வியடைந்த முயற்சிகளின் கணக்கையும் வெளிப்படையாக வெளியிடுவது அதன் முதல் விதியாக இருத்தல் வேண்டும். மறைக்கப்பட்ட நட்டமே நம்பிக்கையை அழித்தது என்பதை மைக்காவின் வரலாறு கற்பித்துள்ளது.

மேருவிலிருந்து வந்த அந்த இளைஞர் பின்னர் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கருவியின் மாதிரி அவர் வீட்டுக் கார்க்கொட்டகையில் இன்னும் இருக்கிறது என்று அண்மையில் அறிந்தேன். அவரிடம் அடமானம் கேட்டவர்கள் தீயவர்களல்லர். அவர்களுள் ஒருவர் அவருடைய தாய்மாமன். தாம் கண்ட வரலாறு கற்றுக்கொடுத்த கேள்வியையே அவர்கள் கேட்டனர். மற்றைய கேள்வியையும் நம் சமூகத்தில் தொடக்கத்தில் கேட்டவர்கள் இருந்தனர் என்பதை ஆவணப்படுத்தி அடுத்த தலைமுறைக்கு அளிப்பது, இத்துறையில் பணிபுரிவோர் செய்யக்கூடிய பங்களிப்பாகும்.